காட்டைக் கணக்கில் எழுதுதல்

2016ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்திலுள்ள மிடில்பரி கல்லூரி, தன் வளாகத்தின் கரியமில உமிழ்வு நிகரச் சுழியை எட்டிவிட்டதாக அறிவித்தது. 2007இல் அதன் அறங்காவலர்கள் ஏற்ற இலக்கு சொன்ன காலத்திலேயே நிறைவேறியதாகக் கொண்டாடப்பட்டது. சூழலியல் விவகாரத்தில் இலக்கிய வாசகர்களான நமக்கு என்ன வேலை என்று கேட்கப்படலாம். அந்தச் சுழிக்குள் ஒளிந்திருப்பது நாம் நன்கறிந்த ஒரு காடு என்பதே பதில்.

பிரெட் லோஃப் மலைக்காடு அது. 1926 முதல் எழுத்தாளர் மாநாடு நடந்துவரும் இடம். ராபர்ட் ஃப்ராஸ்ட் 1939இல் அருகிலேயே ஒரு பண்ணையை வாங்கித் தம் இறுதிக்காலம் வரை கோடைகளைக் கழித்த நிலம். இக்காடுகளை வெட்டுக் கத்தியிலிருந்து காப்பதற்கென்றே வாங்கிச் சேர்த்த ஜோசப் பேட்டல், 1915இல் மறைந்தபோது அவற்றைக் கல்லூரியிடம் ஒப்படைத்துச் சென்றார். அவற்றில் பெரும்பகுதியைக் கல்லூரி பின்னாளில் மத்திய அரசுக்கு விற்றது. எஞ்சியதில் சுமார் 2,100 ஏக்கரை என்றென்றைக்கும் பாதுகாப்பதாகச் சட்டப்படி உறுதியளித்து, அம்மரங்கள் உறிஞ்சும் கரியமிலத்தைத் தன் உமிழ்விலிருந்து கழித்துக்கொண்டது.

நூறாண்டுகளாக நின்றுகொண்டிருந்த காடு அறிவிப்புக்கு மறுநாளும் அப்படியே நின்றது. காற்றிலிருந்து அது கூடுதலாக ஒரு துளியும் உறிஞ்சவில்லை. மாறியது கணக்கேடு மட்டுமே. சட்டப் பாதுகாப்பு இல்லையேல் நாளை யாரேனும் வெட்டியிருக்கக்கூடுமே என்பார்கள். பாதுகாத்தது நற்செயல்தான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உயிலின் வழியே பெற்ற ஒரு கடமையை நிறைவேற்றியதை, உலையில் எரித்ததற்கான கழுவாயாகக் காட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

உலைக்கே வருவோம். 2009இல் கல்லூரி மரச்சில்லுகளை எரித்து வளாகத்தைச் சூடேற்றும் நிலையம் ஒன்றைத் தொடங்கியது. எண்ணெய்ப் பயன்பாடு பெருமளவு குறைந்தது. ஆனால் ஒரே அளவு வெப்பத்துக்கு மரம் எண்ணெயைவிட அதிகக் கரியமில வாயுவை வெளியிடுகிறது. மரம் மீண்டும் வளரும் என்ற நம்பிக்கையில் அந்தப் புகை சுழியாக எழுதப்படுகிறது. புகை இன்றே வானில் கலக்கிறது. மரம் வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும். பருவநிலை நெருக்கடி அவ்வளவு காலம் காத்திருக்குமா? அதே கல்லூரியில் பணியாற்றும் பில் மெக்கிபனே 2019இல் மரம் எரிப்பதற்கு எதிராக வெளிப்படையாக எழுதினார்.

மூன்றாவது, பணம். புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்குமாறு மாணவர்கள் கேட்டபோது, 2013இல் கல்லூரி மறுத்துவிட்டது. சுழி அறிவிக்கப்பட்ட நாளிலும் அந்த முதலீடுகள் இருந்தன. வளாகத்தின் புகைபோக்கி கணக்கில் வந்தது, வளாகத்தின் பணம் வரவில்லை. மாணவர்கள் விடவில்லை. 2019 ஜனவரியில் அறங்காவலர்கள் இறங்கிவந்தனர்: முதலீடுகளைப் பதினைந்து ஆண்டுகளில் விலக்குவது, 2028க்குள் முழுமையாகப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறுவது, ஆற்றல் நுகர்வை 25 விழுக்காடு குறைப்பது.

இத்திட்டத்தை நாம் வரவேற்கிறோம். கூடவே ஒன்றையும் கேட்கிறோம். 2016இலேயே சுழியை எட்டிவிட்டவர்களுக்கு, மூன்றே ஆண்டுகளில் இது ஏன் தேவைப்பட்டது? முதல் அறிவிப்பின் வெறுமையை இரண்டாவது அறிவிப்பு சொல்லாமல் சொல்கிறது. நுகர்வைக் குறைத்தல் என்பதை மானியில் அளந்து பார்க்கலாம். நிகரம் என்பதை ஏட்டில் மட்டுமே பார்க்க முடியும்.

இன்று பல பல்கலைக்கழகங்கள் சுழி இலக்கை அறிவித்துள்ளன. அவை அனைத்திடமும் நாம் கோருவது எளியது. எரித்ததை ஒரு பத்தியிலும், காத்ததை வேறொரு பத்தியிலும் எழுதுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்காதீர்கள். முதலீட்டையும் அதே ஏட்டில் சேருங்கள். மொழியையும் உண்மையையும் கற்பிக்கும் நிறுவனங்கள் ஒரு சொல்லால் தம் புகையை மறைத்துக்கொள்ளும்போது, சொற்களை நம்பி வாழும் நாம் வாளாவிருப்பதற்கில்லை.