திரையில் நடக்கும் வெடி வியாபாரம்

பட்டாசை இணையத்தில் விற்கக் கூடாது. 2018 அக்டோபர் 23ஆம் தேதி, அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு இதைத் தெளிவாக எழுதியது. அமேசான், பிளிப்கார்ட் பெயர்களையும் சேர்த்தே எழுதியது. மீறும் நிறுவனத்தின் மேல் நீதிமன்ற அவமதிப்பு பாயும் என்றும் எச்சரித்தது. அந்த ஆண்டிலிருந்து 2025 வரை எட்டுத் தீபாவளிகள் வந்து போயின. எட்டிலும் பட்டாசு இணையத்தில் விற்றது.

யாரும் ஒளிந்து விற்கவில்லை. சிவகாசி என்ற பெயரைத் தளத்தின் நெற்றியில் ஒட்டிக்கொண்டு விற்கிறார்கள். ஆடி பிறந்ததும் விளம்பரம் தொடங்குகிறது. ஃபேஸ்புக்கில் வருகிறது, இன்ஸ்டாகிராமில் வருகிறது, யூடியூபில் ‘ஃபேக்டரி விலை’ என்று கூவுகிறது. மாவட்ட ஆட்சியரின் கைபேசியிலும் அது வந்திருக்கும். காவல் கண்காணிப்பாளரின் கைபேசியிலும் வந்திருக்கும். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தத் தளங்களில் பலவற்றின் அடியில் ஓர் அறிவிப்பு இருக்கும். உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு உத்தரவுப்படி ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கு அனுமதி இல்லை, நாங்கள் சட்டத்தை மதிக்கிறோம் என்று அது தொடங்கும். வேண்டிய ரகங்களைக் கூடையில் சேர்த்து ‘என்கொயரி’ பொத்தானை அழுத்துங்கள், 24 மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப்பிலோ போனிலோ ஆர்டரை உறுதிசெய்கிறோம் என்று முடியும். உத்தரவு தெரியும், ஆண்டு தெரியும், மீறும் வழியும் தெரியும். இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வாக்குமூலம் எந்தக் காவல் நிலையத்துக்குக் கிடைக்கும்? எட்டு ஆண்டுகளாக அதைப் படிக்க ஓர் அதிகாரி இல்லை.

விலைப்பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆயிரம் வாலா இருக்கிறது. பத்தாயிரம் வாலா இருக்கிறது. சரவெடி தயாரிப்பதையும் விற்பதையும் தடுத்தது அதே 2018 தீர்ப்புதான். 2021 அக்டோபர் 29இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை மறுபடி உறுதிசெய்தது. 2023 செப்டம்பர் 22இல், தடையைத் தளர்த்தக் கேட்ட மனுவைத் தள்ளியது. தடைசெய்த சரக்கு, தடைசெய்த வழியில், புகைப்படத்துடன் விலை போட்டுக் கிடக்கிறது.

அந்த விலையும் பொய். நூறு ரூபாய்ப் பெட்டிக்கு ஐந்நூறு ரூபாய் என்று எழுதுவார்கள். பிறகு 80 சதவீதம் தள்ளுபடி என்பார்கள். ஊர் ஊராக மக்கள் இதைத் தள்ளுபடி என்று நம்பிப் பணம் போடுகிறார்கள். முன்பணம் யுபிஐ வழியாகப் போகிறது. போன பிறகு இரண்டில் ஒன்று நடக்கிறது. சரக்கு வராது, அல்லது சரக்கு வரும். இரண்டுமே குற்றம்தான்.

முதலில் வராத சரக்கு. ஒரு பெயர், நான்கு படங்கள், ஒரு வாட்ஸ்அப் எண் இருந்தால் போதும். சிவகாசியை வரைபடத்தில்கூடப் பார்க்காதவன் சிவகாசிக் கடை திறக்கலாம். பணம் விழுந்ததும் எண்ணை அணைப்பான், பக்கத்தை மூடுவான், அடுத்த ஆண்டு வேறு பெயரில் வருவான். பணத்தை இழந்தவர் புகாருக்குத் தயங்குகிறார். தொகை சில ஆயிரம். வாங்கியதே குற்றமோ என்ற பயம் வேறு. மோசடிக்காரன் இந்தத் தயக்கத்தை நம்பித்தான் தொழில் செய்கிறான்.

தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு 2024 தீபாவளிக்கு முன் எச்சரிக்கை விட்டது. போலித் தளங்களை நம்பாதீர்கள், ஏமாந்தால் 1930 எண்ணை அழையுங்கள் என்றது. எச்சரிக்கை முழுக்க மக்களுக்கு. ஏமாற்றுபவனுக்கு என்ன? அவனுடைய விளம்பரத்தைக் காசு வாங்கிக்கொண்டு ஓடவிட்ட நிறுவனத்துக்கு என்ன? ஏமாறக்கூடியவரிடம் ஜாக்கிரதை என்று சொல்லிவிட்டு நகர்வதற்கு ஒரு தனிப் பிரிவு தேவையில்லை.

சட்டத்தில் வழி இல்லை என்று சொல்ல வேண்டாம். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ கிடைத்த 3 மணி நேரத்துக்குள் (2026 பிப்ரவரித் திருத்தத்துக்கு முன் 36 மணி நேரம்) சட்டவிரோத உள்ளடக்கத்தைத் தளம் நீக்கியாக வேண்டும். நீக்காவிட்டால் இடைத்தரகர் என்ற பாதுகாப்பு போய்விடும். மெட்டாவுக்கும் கூகுளுக்கும் இந்த விதி மனப்பாடம். அறிவிப்பை அனுப்ப வேண்டியவர்களுக்குத்தான் நினைவில்லை.

முன்னுதாரணமும் உண்டு. கார் சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியை அடக்கும் சிறு கிளிப்புகளை இணையத்தில் விற்றார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் ஐந்து பெரிய வணிகத் தளங்களுக்கு உத்தரவு போட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீங்கின. ஒரு பிளாஸ்டிக் கிளிப்புக்குச் செய்ததை வெடிமருந்துக்குச் செய்ய ஏன் கை வரவில்லை? ஆணையம் பதில் சொல்ல வேண்டும்.

இனி, வரும் சரக்கு. இதுதான் உயிர்க்கொல்லி. தெருமுனையில் தீபாவளிக்குத் தற்காலிகக் கடை போடும் சிறு வியாபாரிக்கு 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் என்ன சொல்கின்றன? கொட்டகை தீப்பற்றாத பொருளில் இருக்க வேண்டும். அடுத்த கடைக்கு 3 மீட்டர் இடைவெளி வேண்டும். குடியிருப்பிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு கடைகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கக் கூடாது. அவர் தீயணைப்புத் துறைக்கு அலைகிறார், காவல் நிலையத்துக்கு அலைகிறார், தாலுகா அலுவலகத்துக்கு அலைகிறார். அவசியமான விதிகள்; அலையட்டும். ஆனால் திரையில் விற்பவன் எங்கே அலைகிறான்? அவன் சரக்கு பார்சல் அலுவலகத்தில், துணி மூட்டைக்கும் மோட்டார் உதிரிபாகத்துக்கும் நடுவே, உங்கள் ஊர்க் கடைத்தெருவில் இறங்குகிறது. வாங்க வருபவர் அதை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து ஓட்டிப் போகிறார். சிலர் பேருந்தில் ஏற்றுகிறார்கள். ரயிலில் எடுத்துச் சென்றால் ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. அதையும் செய்கிறார்கள்.

2023 அக்டோபர் 7ஆம் தேதி ஓசூரை அடுத்த கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்கும்போது தீப்பிடித்தது. பத்துக்கும் மேற்பட்டோர் கருகினர். தீபாவளிச் சம்பளத்துக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள் அவர்களில் பலர். அது உரிமம் பெற்ற வியாபாரியின் இடம். உரிமமே இல்லாத பார்சல் அலுவலகத்தில் அதே பெட்டிகள் இறங்கும்போது அங்கே மணல் வாளிகூட இராது.

சிவகாசியில் உள்ளவர்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். ஆலை வாசலில் தொழிலாளியின் செல்போனை வாங்கி வைக்கிறார்கள். மருந்து கலக்கும் அறைக்குள் இத்தனை பேர், இத்தனை கிலோ என்று வரம்பு இருக்கிறது. அந்த வரம்பை மீறினால் என்ன ஆகும் என்பதை 2012இல் முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தும் 2021இல் அச்சங்குளம் ஆலை வெடிவிபத்தும் காட்டின. 2021 ஜூனில் தாயில்பட்டியில் ஒரு வீட்டுக்குள் திருட்டுத்தனமாகச் செய்த வெடி வெடித்தது. குழந்தையும் தப்பவில்லை. வீட்டுக்குள் வெடி செய்பவனுக்கு உரிம எண்ணைக் கேட்காத சந்தை வேண்டும். அந்தச் சந்தையை யார் அனுமதித்தார்கள்? எட்டு ஆண்டுகளாகத் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள் அனுமதித்தார்கள்.

வாங்குபவர் தாமே சோதித்துக்கொள்ள அறிவியல் ஒரு வழி தந்தது என்று சொன்னார்கள். அதையும் பாழாக்கினார்கள். நாக்பூரிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், நீரி, பசுமைப் பட்டாசுக் கலவைகளை உருவாக்கியது. பேரியம் நைட்ரேட்டை விலக்கி, நுண்துகளைக் குறைந்தது 30 சதவீதம் குறைப்பது நோக்கம். ஒரு வகை வெடிக்கும்போதே நீராவியை விட்டுத் தூசியை அடக்கும். 2019 அக்டோபரில் மத்திய அமைச்சர் ஹர்ஷ் வர்தன் அறிமுகப்படுத்தினார். பெட்டி மேல் க்யூஆர் குறி இருக்கும், கைபேசியைக் காட்டினால் உண்மை தெரியும் என்றார்கள்.

க்யூஆர் குறி என்பது ஒரு படம். படத்தை நகல் எடுக்கலாம். நாட்டுக்கே காலண்டரும் லேபிளும் அச்சடிக்கும் சிவகாசிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் ஆலையின் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே குறி இருந்தால், அந்தக் குறி எந்தப் பெட்டிக்கும் சாட்சி சொல்லாது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் வேண்டும். அந்த எண்ணைத் தட்டினால் எந்த ஆலை, எந்த உரிமம், எந்த நாள் தயாரிப்பு என்று வர வேண்டும். ஒரே எண் மதுரையிலும் கோவையிலும் ஒரே நாளில் திறந்தால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். கடினமான தொழில்நுட்பமே இல்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 முன்னணி மருந்து ரகங்களின் அட்டையில் தொகுதி எண்ணும் உற்பத்தி உரிம எண்ணும் குறியீட்டுக்குள் இருந்தாக வேண்டும் என்று இதே மத்திய அரசு கட்டாயமாக்கியது. காய்ச்சல் மாத்திரைக்கு முடிந்தது கம்பி மத்தாப்புக்கு முடியவில்லை.

பெட்டிக்கு மேல் ஒன்று, உள்ளே ஒன்று என்பது சந்தேகமாக மட்டும் நின்றுவிடவில்லை. 2021 செப்டம்பரில் சி.பி.ஐ.யின் சென்னை இணை இயக்குநர் தந்த அறிக்கையைப் பார்த்த உச்ச நீதிமன்றம், தடைசெய்த பேரியம் உப்பு பயன்பட்டதையும் லேபிள் மீறல்களையும் சுட்டிக்காட்டிக் கண்டித்தது. போலிக் குறிகள் பற்றிய புகாரும் அதே ஆண்டில் நீதிமன்றம் வரை போனது. மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ அன்றே விழித்திருக்க வேண்டும். 2025 அக்டோபர் 15இல் தில்லிக்குப் பசுமைப் பட்டாசை அனுமதித்தபோதும், ரோந்துக் குழுக்கள் க்யூஆர் குறியைச் சோதிக்க வேண்டும் என்று நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. இணைய விற்பனைக்கு அப்போதும் இடம் தரவில்லை. தில்லித் தெருவில் கடைசி நேரத்தில் தேடுவதை, விருதுநகர் மாவட்டத்தில், பெட்டி வண்டி ஏறும் இடத்தில் தேட வேண்டியது பெசோவின் வேலை. அதற்குச் சிவகாசியிலேயே அலுவலகம் இருக்கிறது.

இதில் அடிபடுபவர் யார்? சட்டத்தை ஏற்றவர். சரவெடியை நிறுத்திய ஆலை நட்டத்தைத் தாங்கியது. சரம் பின்னிப் பிழைத்த பெண்கள் வேலை இழந்தார்கள். சாத்தூர் சாலையிலும் வெம்பக்கோட்டையிலும் புதுக் கலவைக்குப் பழகிய தொழிலாளி கூலி குறைந்த மாதங்களைக் கடந்தார். அவர்கள் கைவிட்ட சரக்கு இன்று திரையில் விலை போகிறது. ஏமாந்த குடும்பம் திட்டுவதும் சிவகாசியைத்தான். நூறாண்டுக்கு முன் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரை போய்த் தொழில் கற்று வந்து இந்த வானம் பார்த்த பூமியில் தீக்குச்சி செய்யத் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெயரை எவனோ ஒருவன் ஒரு சிம் கார்டில் வைத்து விற்கிறான்.

யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் பதில் எழுத்தில் இருக்கிறது. 2021 அக்டோபர் 29 உத்தரவு, தடைசெய்த பட்டாசு தயாரானாலோ விற்றாலோ பயன்பட்டாலோ தலைமைச் செயலர், உள்துறைச் செயலர், காவல் கண்காணிப்பாளர், நிலைய அதிகாரி வரை தனிப்பட்ட முறையில் பொறுப்பு என்றது. தனிப்பட்ட முறையில். எந்தத் தலைமைச் செயலர் பதில் சொன்னார்? எந்த நிலைய அதிகாரியிடம் விளக்கம் கேட்டார்கள்?

ஆலைச் சங்கங்களும் விலகி நிற்க முடியாது. இணைய விற்பனையைத் தடுங்கள் என்று அரசிடம் கேட்பது சரி. அந்தத் தளங்களுக்குச் சரக்கு எந்தக் கிடங்கிலிருந்து போகிறது? சரவெடி எந்த ஷெட்டில் பின்னப்படுகிறது? தொழிலுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாமல் ஒரு லாரி கிளம்பாது. உறுப்பினரின் சரக்கு அங்கே போனால் அவரை நீக்கி, பெயரை வெளியிட வேண்டும்.

ஆடிப்பெருக்கன்று பூசை போட்டு சிவகாசியில் புது விற்பனை தொடங்கும். அதற்கு முன் சில வேலைகள் முடிந்தாக வேண்டும். உரிமம் பெற்ற ஆலைகள், கடைகளின் முழுப் பட்டியலை, உரிம எண்ணுடன், தமிழில், யாரும் தேடிப் பார்க்கும்படி விருதுநகர் மாவட்ட நிர்வாகமும் பெசோவும் வெளியிட வேண்டும். ‘என்கொயரி’ பொத்தான் வைத்த ஒவ்வொரு தளத்துக்கும், அதன் விளம்பரத்தை ஏற்ற ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சைபர் குற்றப் பிரிவு 3 மணி நேர அறிவிப்பு அனுப்ப வேண்டும். எத்தனை அனுப்பினோம், எத்தனை நீங்கின என்று வாரந்தோறும் சொல்ல வேண்டும். பணம் வாங்கும் யுபிஐ கணக்குகளை ஐப்பசி வரை காத்திராமல் முடக்க வேண்டும். பார்சல் அலுவலகங்களில் சோதனை நடக்க வேண்டும். பெட்டிக்குப் பெட்டி தனிக் குறி எந்த நாளிலிருந்து கட்டாயம் என்பதை நீரியும் பெசோவும் தேதி போட்டு அறிவிக்க வேண்டும். அறிவிப்பின் கீழே அதிகாரியின் பெயரும் கையொப்பமும் இருக்க வேண்டும்.