கள்ளச் சாவியும் கடன் கொப்பியும்

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக் கொண்டது. அதாவது, அந்த மென்பொருளில் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைத்துத் தரும் வேலை முடிந்துவிட்டது. வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு தவணை கொடுத்தார்கள். காசு கட்டும் கம்பனிகளுக்கு 2028 வரை.

இது நடந்து சில நாட்களில், எமது கடைத்தெருவில் கம்பியூட்டர் திருத்தும் பையன் ஒருவர் என்னிடம் வந்தார்.

"நானா, உங்கட மெஷினுக்கு லெவன் ஏறாதுன்னு காட்டும். அதையெல்லாம் ஏமாத்திப் போட்டுறலாம். ரெண்டாயிரம் தாங்க, அஸருக்கு முந்தி முடிச்சித் தாரேன்."

"ஒரிஜினலா தம்பி?" என்று கேட்டேன்.

"ஒரிஜினல் மாதிரியே இரிக்கும் நானா" என்றார்.

இந்த 'மாதிரியே' என்ற சொல் எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதை அவர் அறிய மாட்டார். வியாபாரிகளான வாசகர்களுக்காக அதைச் சொல்லி விடுகிறேன்.

நான் நடத்துவது ஹாட்வெயார் கடை. கம்பியூட்டர் ஹாட்வெயார் அல்ல. ஆணி, பெயின்ட், பீவீசீ குழாய். பெருநாளைக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் நோன்பு மாதம்தான் எமக்கு அறுவடைக் காலம். மேசன்பாஸ்மாரும் பெயின்ட்பாஸ்மாரும் கடனுக்குச் சாமான் எடுத்துப் போய், வேலை முடிந்து வீட்டுக்காரர் காசு கொடுத்த பிறகு எமக்குத் தருவார்கள். இந்தக் கடன் கணக்கை வாப்பா காலத்திலிருந்து சீ.ஆர். கொப்பியில்தான் எழுதி வந்தோம். பிறகு கம்பியூட்டருக்கு மாறினோம். விண்டோஸும் கள்ளப் பிரதி, கணக்கு மென்பொருளும் கள்ளப் பிரதி. போட்டுத் தந்தவர் கூலியாக வாங்கியது ஆயிரத்து ஐந்நூறு ரூபா. கெட்டித்தனமாக வாங்கிவிட்டேன் என்ற பெருமை வேறு எனக்கு.

2018 நோன்பின் கடைசிப் பத்தில் ஒரு நாள் காலையில் கடையைத் திறந்தால், திரையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் நிற்கிறது. உங்கள் பைல்கள் எல்லாம் பூட்டப்பட்டுள்ளன, இத்தனை பிட்கொயின் அனுப்பினால் சாவி தருவோம் என்று. பிட்கொயினைப் பற்றி அன்றுதான் முதன்முதலில் தேடிப் படித்தேன். மூன்று மாதக் கடன் கணக்கு அதற்குள்ளே இருந்தது. அதற்கு முந்தியது அச்சடித்த தாளில் இருந்தபடியால் தப்பியது.

பிறகு வந்து பார்த்த விஷயம் தெரிந்த ஒருவர் விளக்கினார். கள்ளப் பிரதியைத் திறக்கும் அந்தச் சிறிய புரோகிராம், அதாவது 'கிரெக்', வேலை செய்வதற்காக அன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும். நாமும் நிறுத்துவோம். வாசற்காவலனை அனுப்பிவிட்டு, முகம் தெரியாத ஒருவன் செய்த சாவியைக் கொண்டு பூட்டைத் திறக்கிறோம். அவன் இன்னொரு சாவியைத் தன்னிடம் வைத்திருக்க மாட்டான் என்பதற்கு யார் பொறுப்பு? அத்துடன், கள்ளம் பிடிபட்டுவிடும் என்ற பயத்தில் விண்டோஸின் அப்டேட்டையும் நிறுத்தி வைத்திருந்தோம். 2017 மே மாதத்தில் உலகத்தையே கலக்கிய 'வன்னகிரை' வைரஸ் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் அந்த வருடம் மார்ச் மாதமே மருந்து வெளியிட்டிருந்தது. மாட்டிக்கொண்டவர்கள் அதைப் போடாதவர்கள்.

என் கடனாளிகளில் பலர் தாமாகவே வந்து, "நானா, என்ட கணக்கு இவ்வளவு" என்று சொல்லிக் கட்டினார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். ஒரு பாஸ் தனது பொக்கெட் டயரியையே கொண்டுவந்து வைத்தார். வேறு சிலர் அந்தப் பெருநாளுக்குப் பிறகு எனது கடைப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். நட்டத்தை விட, கணக்கில்லாமல் ஒருவரிடம் போய்க் கடனைக் கேட்க முடியாமல் நின்றதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

இனி மார்க்க விஷயம். கள்ளப் பிரதி பற்றிக் கதை வந்தால் எமது ஆட்கள் சொல்வது, "அவன் உலகப் பணக்காரன், எங்கட ஆயிரத்தை எடுக்காவிட்டால் செத்தா போவான்?" என்பது. இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் சர்வதேச பிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, வியாபாரப் பெயர், வியாபார இலச்சினை, ஆக்கம், கண்டுபிடிப்பு ஆகியன உரியவரின் உரிமைகள், பணப் பெறுமதியுள்ளவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. மாற்றுக் கருத்துள்ள உலமாக்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நாட்டுச் சட்டத்தில் அந்தச் சந்தேகமும் கிடையாது; 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் காக்கிறது. அதையும் விடுங்கள். நாம் ஏஜென்ட் எடுத்து விற்கும் பெயின்ட்டின் பெயரில் எவனாவது போலி வாளி இறக்கினால் நாம்தானே முதலில் பொலிசுக்கு ஓடுகிறோம்?

அதற்காக, அந்தக் கம்பனிகளை அவ்லியாக்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் எம்மை விடப் பெரிய வியாபாரிகள், அவ்வளவுதான். ஐபிஎம் நிறுவனம் தனது சிறிய கம்பியூட்டருக்கு இயங்குதளம் தேடியபோது மைக்ரோசொப்ட்டின் கையில் சரக்கு இல்லை. சியாட்டிலில் ஒரு சிறு கம்பனி செய்து வைத்திருந்ததை மொத்தம் 75,000 டொலருக்கு வாங்கி, திருத்தி, ஐபிஎம்முக்குக் கொடுத்தார்கள். ஆனால் மற்றவருக்கும் விற்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக் கொண்டார்கள். 1981இல் ஐபிஎம்மின் பெட்டி வந்தது. பின்னால் அதைப் பார்த்து நூறு கம்பனிகள் பெட்டி செய்தன. எல்லாரும் இவர்களிடமே வந்து நின்றார்கள். முழு வியாபாரமும் அந்த ஓர் ஒப்பந்த வாசகத்தில் இருந்தது. ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்கும் எமது ஆட்கள் இதை ஒரு தடவையாவது யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1976இல் பில் கேட்ஸ் தனது மென்பொருளைப் பிரதி பண்ணியவர்களைத் திருடர் என்று கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அதே மனிதர் 1998இல் சீனாவைப் பற்றிப் பேசும்போது, எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிய பிறகு எப்படிக் காசு சேர்ப்பது என்று பார்த்துக் கொள்வோம் என்ற கருத்தில் பேசினார். புதுக்கடை திறந்தவன் முதல் ஆறு மாதம் தாராளமாகக் கடன் கொடுத்து வாடிக்கை பிடிக்கும் அதே தந்திரம். ஆகவே கள்ளப் பிரதி போட்டு அவனை நாம் ஏமாற்றுகிறோம் என்று நினைப்பதே ஏமாற்றம்.

இப்பொழுது அறவிடும் காலம் வந்திருக்கிறது. முன்பு ஒரு தடவை காசு கொடுத்தால் அந்தப் பதிப்பு எமக்கே. 2013இல் போட்டோஷொப் செய்யும் அடோபி நிறுவனம் மாதக் கட்டணத்துக்கு மாறிய பிறகு, ஒவ்வொருவராக அந்த வழிக்கு வந்துவிட்டார்கள். கடை வாடகை போதாதென்று மென்பொருளுக்கும் வாடகை, அதுவும் டொலரில். 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியதை நாம் எல்லாரும் பார்த்தோம். டொலரில் மென்பொருள் வாடகை கட்டுகிறவனுக்கு ஒரு சாமான் கூடுதலாக விற்காமலே செலவு ஏறியது.

களவும் வேண்டாம், வாடகையும் வேண்டாம் என்றால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் ஆரம்பித்த லினக்ஸ். உரிமையாளர்களே மனமொப்பிப் பொதுவில் விட்டது. வக்பு செய்த கிணறு போல என்று சொல்லலாம். யாரும் அள்ளலாம், ஆனால் அதைத் திருத்திப் பிறருக்குக் கொடுப்பவர் அதையும் அதே நிபந்தனையில்தான் கொடுக்க வேண்டும். அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் வேலை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2004 டிசம்பர் சுனாமியின் பின்னர், காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்ய 'சஹானா' என்ற மென்பொருளை எழுதியவர்கள் எமது நாட்டுத் தொண்டர்கள். இலவசமாகத் திறந்து வைத்தார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது.

நான் முழுக்க மாறிவிட்டேன் என்று பெருமையடிக்க மாட்டேன். உள் அறையில் உள்ள மெஷினில் உபுண்டுவும் லிப்ரே ஒபிஸும் இருக்கின்றன. கடிதம், விலைப்பட்டியல், சம்பளக் கணக்கு எல்லாம் அதில்தான். விண்டோஸ் 11 ஏறாத அந்தப் பழைய பெட்டியில் இது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் காசு மேசையில் விண்டோஸ்தான், ஏனென்றால் பில் அடிக்கும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். அதற்கு லைசன்ஸுடன் புது மெஷின் எடுத்தேன். அமெரிக்காவில் விண்டோஸ் 11 ஹோம் பதிப்பைத் தனியாக வாங்கினால் 139 டொலர். மெஷினோடு சேர்த்து எடுத்தால் அவ்வளவு வலிக்காது. இரவில் கடை பூட்டும்போது கணக்கை இரண்டு பென் டிரைவில் மாறி மாறி ஏற்றி, ஒன்று வீட்டுக்குப் போகும். மெஷினில் குத்தியபடியே விட்டால் பிரயோசனமில்லை, அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான்.

சென்ற மாதம் மாதக் கட்டணக் கணக்கு மென்பொருள் விற்க, டையும் கட்டி, லெப்டொப்புடன் ஒரு தம்பி வந்தார். போனிலேயே ஸ்டொக் பார்க்கலாம், கடனாளிக்கு எஸ்.எம்.எஸ். போகும் என்று அரை மணித்தியாலம் காட்டினார். நல்ல சாமான்தான். எல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, நாளைக்கு நான் உங்களுக்குக் காசு கட்டாமல் நிப்பாட்டினா, என்ட கடன் கணக்கை எக்செல்ல எடுத்துக்கொண்டு போகலாமா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் லெப்டொப்பைப் பார்த்தார். மனேஜரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறிவிட்டு, தேநீரைக் குடித்து விட்டுப் போனார். இன்னும் பதில் வரவில்லை.