ஊசிக்காக மட்டும் ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்கணுமா?

காய்ச்சல் நின்றுவிட்டது. சாப்பிட முடிகிறது, நடக்க முடிகிறது. ஆனாலும் தினமும் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்பதற்காகவே வார்டில் படுத்திருப்பவர்கள் உண்டு. டைபாய்டுக்கு 10 முதல் 14 நாள் ஆகும். சர்க்கரை நோயாளியின் கால் புண் எலும்பு வரை போய்விட்டால் ஆறு வாரம் கூட இழுக்கும். இவர்களுக்குத் தேவை மருந்து, படுக்கை அல்ல.

அது என்ன ‘ஓபாட்’?

வீட்டில் இருந்தபடியோ, தினமும் மருத்துவமனைக்கு வந்து போயோ நரம்பு வழி ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்ளும் முறைக்கு மருத்துவ உலகம் வைத்த சுருக்கப் பெயர் ‘ஓபாட்’. 1974-ல் அமெரிக்காவில், நுரையீரல் தொற்று இருந்த குழந்தைகளுக்கு முதலில் இப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்று பல நாடுகளில் இது வழக்கமான சிகிச்சை.

எல்லா மருந்தும் இதற்குச் சரிப்படாது. செஃப்ட்ரியாக்சோன், எர்டாபெனம் போன்றவற்றை ஒரு நாளுக்கு ஒருமுறை போட்டால் போதும். மெரோபெனம் பொதுவாக 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. அதற்காக ஒருவர் தினமும் மூன்று முறை வந்து போக முடியாது.

பலன் தருமா?

ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், தரும். முதல் டோஸை மருத்துவர் கண் முன்னால் போட வேண்டும். நீண்ட நாள் மருந்து என்றால் வாராவாரம் ரத்தப் பரிசோதனை அவசியம். நரம்பில் செருகிய குழாய் வழியே புதிய தொற்று வரலாம். வீக்கமோ குளிர் ஜுரமோ வந்தால் உடனே போன் செய்ய ஓர் எண் இருக்கணும். இவை இல்லாமல், தெருமுனை கிளினிக்கில் ‘ஒரு ஊசி போடுங்க’ என்று கேட்பது ஓபாட் ஆகாது.

அதற்கும் முன் ஒரு கேள்வி: மாத்திரையே போதுமா? எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரிடம் பிரிட்டனில் நடந்த ‘ஒவிவா’ ஆய்வு 2019-ல் வெளியானது. நரம்பு வழி மருந்து பெற்றவர்களில் 14.6 சதவீதம் பேருக்கும், மாத்திரை எடுத்தவர்களில் 13.2 சதவீதம் பேருக்கும் சிகிச்சை பலிக்கவில்லை. அதாவது, மாத்திரை பின்தங்கிவிடவில்லை. மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

செலவு யாருக்குக் குறையுது?

தனியார் மருத்துவமனையில் அறை வாடகை மிச்சம். ஆனால் பெரும்பாலான பாலிசிகள், டே-கேர் சிகிச்சைகள் தவிர மற்றவற்றுக்கு, 24 மணி நேரமாவது அட்மிட் ஆனால்தான் பணம் தரும். அட்மிட் ஆகி வீடு திரும்பியவர், அதே நோய்க்கான பிந்தைய செலவை பாலிசி சொல்லும் நாள்களுக்குள் கேட்டுப் பெறலாம். அட்மிட் ஆகாமலே ஊசி போட்டுக்கொண்டவர் பாடுதான் திண்டாட்டம். வெளியூரில் வேலை பார்த்து, ஊரில் உள்ள அப்பா அம்மாவுக்கு பாலிசி கட்டுபவர்கள் இந்த வரியை இன்றே படித்துப் பார்ப்பது நல்லது.

அரசு மருத்துவமனையில் கணக்கு வேறு. குமராட்சி வட்டாரத்துக்குப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி, 2021-ல் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக மாறிய சிதம்பரம் ராஜா முத்தையா. படுத்தால், கூட இருப்பவரின் கூலி போகும். தினமும் வந்து போனால், ஆறு வாரத்துக்கு 84 பஸ் பயணம், அதுவும் புண்ணான காலோடு. ஆஸ்பத்திரிக்கு ஒரு படுக்கை மிச்சமாகும். பாரம் குடும்பத்தின் தலையில் ஏறும்.

என்ன செய்யலாம்?

பெரிய ஆஸ்பத்திரி மருந்தையும் நாள்களையும் எழுதித் தரட்டும்; ஊருக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் ஊசி போடட்டும். வாரம் ஒருமுறை மட்டும் சிதம்பரம் போனால் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நடக்கவே முடியாதவர்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியரோடு இதையும் அதில் சேர்க்க அரசு யோசிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களும் படுக்கையை எண்ணாமல் சிகிச்சையைப் பார்த்துப் பணம் தர வேண்டும்.

சிக்கனம் என்பது செலவைக் குறைப்பது. அதை நோயாளியின் வீட்டுக்கு மாற்றிவிடுவதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.