வேதமும் வீதியும்

வேதாகமத்தையே அடித்தளமாக வைத்து வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோர் மலேசியாவிலும் உண்டு. 2003 முதல் இங்கே ஆறாண்டு ஆரம்பக் கல்வி கட்டாயம். வீட்டில் கற்பிக்க அமைச்சரின் விலக்கு வேண்டும், மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம். சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். தமிழ் வேதாகமத்தைச் சத்தமாக வாசித்து வளரும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தனி டியூஷன் வேண்டாம் என்பதை நானும் ஒப்புக்கொள்வேன்.

ஆனால் ஹட்சிங்ஸ் பாதிரியாரை நினைத்துப் பாருங்கள். மலாய் வேதாகமத்தைத் திருத்திப் பதிப்பிக்க உழைத்தவர். வேதப்பற்றில் யாருக்கும் குறைந்தவரல்ல. அவர் முன்னின்று 1816-இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் எல்லா இன, மதப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தது. கிறிஸ்தவத்தை விரும்பாத பெற்றோரின் மனம் புண்படக்கூடாது என்று தொடக்கத்திலேயே எழுதியும் வைத்தார்கள். பாதிரியாருக்குத் தெரிந்த நாகரிகம்!

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடந்தால் அதன் காரணம் புரியும். ஒரு முனையில் 1818-இல் எழுந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், அடுத்து ஊதுபத்திப் புகைக்குள் குவான் யின் கோயில், பக்கத்துக் குயின் தெருவில் மாரியம்மன், பிறகு பள்ளிவாசல். எல்லாம் சில நிமிட நடைக்குள். நோன்பு மாதத்தில் பக்கத்து இருக்கைக்காரன் பசியோடு கணக்குப் போடும்போது, தன் டிபன் டப்பாவை எங்கே வைத்துத் திறப்பது என்பதைப் பிள்ளை எந்த அதிகாரத்தில் படிக்கும்?