அடுப்புக்கு மேல கீத்து வேண்டாம்

சென்னையில, கோவையில வீடு கட்டுற நண்பர்கள் அடிக்கடி கேக்குறது இது: "கொல்லையில கிரில் அடுப்பு வைக்கப் போறோம், மேல கீத்துக் கொட்டகை போடலாமா?" கூடவே ஏதாவது ரிசார்ட்டுல எடுத்த படம் ஒண்ணு வரும். மூங்கில் கால், கீத்துக் கூரை, நடுவுல தீ. பாக்க அழகுதான். நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

வெளி அடுப்பு எங்களுக்குப் புதுசில்ல. கூத்தாநல்லூர்ல ஒரு கல்யாணம்னா கோட்டை அடுப்பு வெட்டாம பிரியாணி கிடையாது. தேக்சா மூடி மேல கங்கை அள்ளிப் போட்டு தம் போடுவாங்க. விசேஷத்துக்கு வர்ற பண்டாரி அடுப்புக்கு இடம் பாக்கும்போது முதல்ல அண்ணாந்து பாப்பார். மேல கீத்து இருந்தா அந்த இடத்துல அடுப்பு கிடையாது. அவருக்கு யாரும் பாடம் எடுக்கலை. காஞ்ச தென்னங்கீத்து ஒரு பொறிக்குத் தாங்காது. பிடிச்சா எரிஞ்சுகிட்டே கீழ கொட்டும். ஓடுறதுக்குக்கூட நேரம் இருக்காது.

2004 ஜூலை 16-ஐ டெல்டாக்காரங்க மறக்க முடியாது. கும்பகோணம் பள்ளிக்கூடத்துல சமையல்கட்டுத் தீ கீத்துக் கூரைக்குத் தாவி 94 குழந்தைங்க போச்சு. அதுக்கப்புறம்தான் பள்ளிக்கூடங்கள்ல கீத்துக் கூரை கூடாதுன்னு அரசாங்கம் முடிவெடுத்துச்சு. நாங்க பயந்து இறக்கி வச்ச கூரையை, கிராமத்து அழகுன்னு நீங்க காசு குடுத்து ஏத்துறீங்க. அதுவும் அடுப்புக்கு நேர் மேல.

அப்ப தகர ஷீட்டான்னு கேப்பீங்க. மத்தியான வெயில்ல அதுக்கடியில நின்னா கறியோட நீங்களும் வெந்துடுவீங்க. சரியா முடுக்காத தகரம் புயல்ல என்ன ஆகும்னு 2018 நவம்பர்ல கஜா காட்டிட்டுப் போச்சு. ஆஸ்பெஸ்டாஸ் பேச்சே வேண்டாம். அதிகச் சூட்டுல வெடிச்சுத் தெறிக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஓடு போடுங்க. பழைய வீடு இடிக்கிற இடத்துல சீமை ஓடு கிடைக்கும். சட்டத்துக்கு மரம் வேண்டாம், இரும்பு பைப் போதும். கூரை ஆள் உயரத்துக்கு மேல இன்னொரு பாதியாவது இருக்கணும். முகட்டுல இடைவெளி விட்டு, மேல சின்னதா ஒரு தொப்பிக் கூரை வச்சா புகை தானா வெளியேறும். நாலு பக்கமும் அடைக்காதீங்க. கரி அடுப்புப் புகை அடைஞ்ச இடத்துல ஆளையே சாய்ச்சிடும்.

இடம்? அக்னி மூலைன்னு பெரியவங்க சொன்னா சிரிப்பீங்க. ஆடியில காத்து மேக்கேர்ந்து வரும், கார்த்திகையில வாடை வடக்கேர்ந்து வரும். தென்கிழக்கு மூலையில அடுப்பு இருந்தா ரெண்டு காத்துலயும் புகை வீட்டுக்குள்ள வராது. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஜன்னல் இருந்தா அது வேற வம்பு, முன்னாடியே பேசி வச்சுக்குங்க.

எங்க மாதிரி களிமண் பூமின்னா, தரை கோடையில வெடிச்சு மழையில ஊதும். ஒரு அடி தோண்டி ஆத்து மணல் போட்டு இறுக்கிட்டு மேல செங்கல் பரப்புங்க. கால் சாயாது.

பக்கத்துல ஒரு குடம் தண்ணி, ஒரு சட்டி மணல். கறியில எண்ணெய் சொட்டித் தீ எழும்பினா தண்ணி ஊத்தக் கூடாது, மணல்தான். சாம்பலை அன்னிக்கு ராத்திரியே பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில கொட்டாதீங்க, உள்ளுக்குள்ள கங்கு உயிரோட கிடக்கும். மறுநாள் தண்ணி தெளிச்சு வாழை மரத்தடியில போடுங்க.