காட்சிக்கு வைத்த எளிமை

உறவினர் ஒருவரின் இல்லத் திருமண விருந்துக்காக அண்மையில் கடற்கரையோர விடுதி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். நுழைவாயிலில் ஓர் ஆட்டுக்கல் எங்களை வரவேற்றது. குழவி சுழல வேண்டிய குழியில் நீர் நிரப்பிச் செம்பருத்திப் பூக்களை மிதக்கவிட்டிருந்தனர். கூடத்துச் சுவரில், பனையேறிகள் இடுப்பில் கட்டும் அரிவாள்பெட்டி ஒன்று விளக்கொளி விழுமாறு மாட்டப்பட்டிருந்தது. மூலையில் பூண் தேய்ந்த உலக்கைகள் மூன்று சாத்தப்பட்டிருந்தன. மாட்டுவண்டிச் சக்கரத்தின்மேல் கண்ணாடி பதித்து அதை மேசையாக்கியிருந்தனர். கிராமத்தின் எளிய வாழ்வுக்குத் திரும்பி வருமாறு ஒரு பலகை அழைத்தது. ஓர் இரவு தங்குவதற்கு என்ன கட்டணம் என்று விசாரித்தேன். அந்தத் தொகையைக் கொண்டு உண்மையான கிராமத்தில் ஒரு கூலிக் குடும்பம் பல நாள் உலை வைத்துவிடும்.

என்னுடன், எண்பது வயதைக் கடந்த என் பெரியம்மாவும் வந்திருந்தார். ஆட்டுக்கல்லின் முன் சற்று நின்றார். “ஏய்யா, இத ஆட்டுன தோள்பட்டை எனக்கு இன்னும் வலிக்குது. இவங்க இதுல பூவ மெதக்க விட்டிருக்காங்களே!” என்றார். அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை.

எளிய வாழ்வு இன்று விற்பனைச் சரக்காகிவிட்டது. பழைய மரச்சாமான்கள் சில, கையால் முடைந்த கூடைகள் சில, முற்றத்தில் ஒரு வேப்பமரம், திண்ணையில் ஒரு பித்தளைக் குடம் என்று வாங்கி அடுக்கிவிட்டால் எளிமை தானாக வந்து குடியேறிவிடும் என்று படித்த நடுத்தர மக்களாகிய நாம் நம்பத் தொடங்கியிருக்கிறோம். கிறிஸ்தவ இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. இந்த நம்பிக்கை பொய்யானது, அதைவிட, நீதியற்றது. இதுவே என் வாதம்.

பொருள் வந்தது, மனிதர் வரவில்லை

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவுக்குச் சென்றவர்கள் அங்குள்ள பழம்பொருள் கடைகளை அறிவார்கள். நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் நடத்திய காலத்தில், பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கொண்டுவந்து கட்டிய மாளிகைகள் பல, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்தொழில் நலிந்தபோது ஆளற்றுப் போயின. பங்காளிகள் பலராகிப் பராமரிக்க இயலாமல் இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளும் தூண்களும் அத்தெருவுக்கு வந்து சேர்ந்தன. செல்வர் வீட்டுப் பொருள் இன்னொரு செல்வர் வீட்டுக்குப் போவதில் எனக்கு வழக்கு ஒன்றுமில்லை. ஆனால் இன்று பழம்பொருள் தேடுவோர் கேட்பது அதை மட்டுமன்று. உரல், உலக்கை, மரக்கால், கல்சட்டி, சுளகு, ஏர், வண்டிச்சக்கரம் என எளியவர் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களும் கேட்கப்படுகின்றன. எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அவ்வளவு மதிப்பு.

அந்தத் தேய்மானம் எங்கிருந்து வந்தது? உரலில் நெல் குத்துவது என்றால் என்னவென்று அறிந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. விடியுமுன் எழுந்து, இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாறி மாறி உலக்கை போட வேண்டும். குத்தியதைச் சுளகில் புடைத்து, உமியைப் போக்கி, மீண்டும் குத்த வேண்டும். மாவாட்டுவதென்றால் ஒரு கை குழவியைச் சுழற்ற, மறுகை மாவைத் தள்ளிவிட, ஒரே இடத்தில் நெடுநேரம் குந்தியிருக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கும் விலக்கில்லை, காய்ச்சலில் கிடந்து எழுந்தவளுக்கும் விலக்கில்லை. கோவைப் பட்டறைகளிலிருந்து மின்சார கிரைண்டர் வந்தபோதும், 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வழங்கத் தொடங்கியபோதும், ஆட்டுக்கல்லைக் கொல்லைப்புறத்துக்கு உருட்டிவிட்ட பெண்களை நான் குறைகூற மாட்டேன். அது அவர்களுக்கு விடுதலை. அந்தக் கல்லின் அழகைப் புகழ்வோர் பெரும்பாலும் அதில் ஆட்டியறியாதவர்கள். புகழட்டும். ஆனால் அதன் பெயரால் எளிய வாழ்வைப் பற்றி நமக்குப் பாடம் நடத்த வேண்டாம். என் பெரியம்மா வாழ்ந்தது கடினமான வாழ்வு. கடினமும் எளிமையும் ஒன்றல்ல என்பதை, அந்தக் கடினத்தைச் சுமக்காதவர்களே மறந்துவிடுகிறார்கள்.

உயிரோடிருக்கும் கைகள்

மறைந்துபோனவரின் கைவேலைக்குக் கேட்ட விலையைக் கொடுக்கும் நாம், உயிரோடிருப்பவரின் கைவேலைக்கு என்ன கொடுக்கிறோம்? முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பழைய கல்சட்டி ஒன்றைக் கடைக்காரர் சொன்ன விலைக்கே வாங்கினேன். குளிரூட்டிய அந்தக் கடையில் பேரம் பேசக் கூச்சமாக இருந்தது. அதே வாரம், பேருந்து நிலையத்துக்கு வெளியே வெயிலில் அமர்ந்து ஓலைப்பெட்டி விற்ற மூதாட்டி ஒருவரிடம், 150 ரூபாய்ப் பெட்டியை 100 ரூபாய்க்குக் கேட்டு, அவர் இசையும்வரை நகராமல் நின்றேன். அப்போது எனக்குக் கூச்சம் வரவில்லை. வீடு வந்து இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தபோதுதான் நான் செய்தது உறைத்தது. அந்தப் பெட்டியை இன்றும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் கோரையை அறுத்து, உலர்த்தி, நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, ஒவ்வொரு தாளையும் நூல்போல் வகிர்ந்து, பருத்திப் பாவில் நெய்கிறார்கள். நெய்பவர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியப் பெண்கள். நுண்ணிய பட்டுப்பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். மடித்தால் ஒரு துணிபோல் மடியும் அந்தப் பாய், 1953இல் முடிசூடிய எலிசபெத் அரசிக்கு அனுப்பப்பட்டது என்ற செய்தியைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். சொல்லிவிட்டு, நம் வீட்டுத் திருமணச் சீருக்குப் பிளாஸ்டிக் பாய் வாங்கிவருகிறோம்.

மணப்பாட்டைப் புனித சவேரியாரின் குகைக்காகவும் திருச்சிலுவை ஆலயத்துக்காகவும் நாம் அறிவோம். அவ்வூர்ப் பெண்கள் பனங்குருத்தை வகிர்ந்து, சாயம் தோய்த்து முடையும் பெட்டிகளுக்காகவும் அறிந்திருக்க வேண்டும். அந்த ஓலைக்குப் பின்னால் ஒரு பனையேறி நிற்கிறார். காலில் தளைநார் பூட்டி, நெஞ்சு மரத்தில் உராய, பருவகாலத்தில் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் மரம் மரமாக ஏறி இறங்குகிறார். பாளை சீவுகிறார், சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குகிறார். அதை அவருடைய மனைவி அடுப்புப் புகையில் நின்று காய்ச்சிக் கருப்பட்டியாக்குகிறார். கால் வழுக்கினால் முதுகெலும்பு போய்விடும். குடும்பமும் அதோடு சாய்ந்துவிடும். சர்க்கரை கலந்த போலிக் கருப்பட்டி மலிவாகக் கிடைக்கும்போது, அவருடைய பண்டத்துக்கு உரிய விலை கொடுக்க நம்மில் எத்தனை பேர் முன்வருகிறோம்? அவருடைய பிள்ளைகள் இத்தொழில் வேண்டாம் என்று நகரத்துக்குப் போய்விட்டால், அதற்கு நாம் வியப்படைய உரிமையில்லை. அவர் விட்டுச்சென்ற அரிவாள்பெட்டி மட்டும் நமக்கு வேண்டியிருக்கிறது.

இயற்கையின் மீது நமக்குள்ள பற்றும் இத்தகையதே. பனை தமிழகத்தின் மாநில மரம். அந்தப் பெருமைக்குப் பின்னும் அது செங்கற்சூளைகளுக்கு விறகாகச் சாய்ந்தது. 2021இல் அரசு தன் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்து, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது. ஊர்ப்பனை சாயும்போது வாய்திறவாத நாம், வீட்டு முகப்பில் தொட்டியில் வளரும் அழகுப் பனைக்கு நாள்தோறும் நீர் தெளிக்கிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கப் பணித்தார். நாமோ ஏழையைத் தள்ளிவைத்துவிட்டுப் பூமியின் அழகை மட்டும் வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறோம்.

நாற்காலியாகிப்போன நம்பிக்கை

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நாட்டுப்புறப் பழம்பொருள் மோகம் நெடுங்காலமாக உண்டு. வண்ணம் உதிர்ந்த அலமாரி, வெண்ணெய் கடையும் மரச்சாடி, பழைய இராட்டை ஆகியவற்றுக்கு அங்கே பெரும் கிராக்கி. அவ்வரிசையில் உச்சியில் நிற்பவை ஷேக்கர்கள் செய்த மரச்சாமான்கள். ஷேக்கர்கள் என்போர், 1774இல் ஆன் லீ என்ற பெண்மணியின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற சிறு கிறிஸ்தவக் குழுவினர். மணவாழ்வைத் துறந்தார்கள், உடைமைகளைப் பொதுவில் வைத்தார்கள், உழைப்பை வழிபாடாகக் கொண்டார்கள். வீண் அலங்காரம் ஆணவத்தின் பிள்ளை என்று கருதியதால், அவர்கள் செய்த நாற்காலியில் தேவையற்ற செதுக்கல் ஒன்றுகூட இராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் இருந்த அவர்கள், இன்று மெய்ன் மாநிலத்திலுள்ள சபத்டே லேக் என்ற ஒரே இடத்தில், கைவிரல்களுக்குள் அடங்கும் எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். அவர்களின் நாற்காலிகளோ ஏலக்கூடங்களில் கொழிக்கின்றன. 1990இல் ஷேக்கர்களின் வேலைமேசை ஒன்று 2,20,000 டாலருக்கு விலைபோனது. அதே ஆண்டில் இறந்தவர், அக்குழுவின் மூத்த சகோதரி மில்ட்ரெட் பார்க்கர். உலகம் தம்மை ஒரு மரச்சாமானாக நினைவில் வைத்துவிடுமோ என்று அவர் வருந்தியதுண்டு. வாழ்நாளையே கடவுளுக்குக் கையளித்தவரின் வருத்தம் அது. உடைமை வேண்டாம் என்று துறந்தவர்கள் செய்த பொருளே உடைமைகளின் மணிமுடியாகிவிட்டது. அவர்களின் நாற்காலியை வாங்கியவர்கள் பலர். அவர்களின் துறவை வாங்கியவர் எவருமில்லை. அது விற்பனைக்கு வரவுமில்லை.

மறுப்புகளுக்கு மறுமொழி

‘வாங்கிப் பாதுகாக்காவிட்டால் இவை அடுப்பில் எரிந்துபோகுமே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழம்பொருளைப் பாதுகாப்பதை நான் எதிர்க்கவில்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுவியிருக்கிறார்கள். அங்கே கைவினைஞர்களும் இருந்து வேலை செய்கிறார்கள். அந்த வீடு யாருடையது, அந்தப் பொருள் எதற்கானது என்று நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள முடிகிறது. பொருளோடு மனிதரையும் நினைவில் வைப்பது பாதுகாப்பு. மனிதரை மறைத்துவிட்டுப் பொருளை மட்டும் மாட்டுவதை என்னவென்று சொல்வது?

‘நாங்கள் வாங்குவதால்தானே கைத்தொழில் பிழைக்கிறது’ என்பது மற்றொரு மறுப்பு. புதிதாகச் செய்த பொருளை, செய்தவரிடமிருந்து, உரிய விலைக்கு வாங்கினால் பிழைக்கும் என்பது உண்மையே. பழைய உரலுக்குக் கொடுக்கும் பணம் கல்தச்சரின் வீட்டுக்குப் போவதில்லை. இதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர், 1892இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா. பம்பாயில் தணிக்கையாளராக ஈட்டிய வாழ்வை விட்டுவிட்டு, 1934இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தைக் கட்டியெழுப்பியவர் அவர். ஒரு பொருளை வாங்குபவர், அது எத்தகைய நிலையில் செய்யப்பட்டது என்பதற்கும் பொறுப்பாளி என்பது அவருடைய வாதத்தின் அடிப்படை. விலையைக் கொடுத்ததோடு கடமை தீர்ந்துவிட்டது என்று வாங்குபவர் கைகழுவிக்கொள்ள முடியாது.

காந்தியடிகளே 1921 செப்டம்பரில் மதுரையில் அரையாடைக்கு மாறினார். உடுத்தப் போதிய துணியில்லாத மக்களைக் கண்டு மனம் நொந்து எடுத்த முடிவு அது. எளிமைக்காக அவர் புதிதாக ஒன்றையும் வாங்கவில்லை, இருந்ததைக் குறைத்துக்கொண்டார். எளிமையை அளக்க இதைவிட நேரான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நம் இல்லத்தில் எளிமை குடிபுகுந்தபோது பொருள்கள் கூடினவா, குறைந்தனவா?

நாம் செய்யத்தக்கது

எல்லாரும் கிராமத்துக்குத் திரும்புங்கள் என்றோ, கிரைண்டரை எறிந்துவிட்டு ஆட்டுக்கல்லில் ஆட்டுங்கள் என்றோ நான் சொல்லவில்லை. மிகச் சிறியவற்றையே கேட்கிறேன். ஓலைப்பெட்டி விற்பவரிடமும் பானை விற்பவரிடமும் பேரம் பேசாதிருப்போம். பாயை வாங்கினால் படுப்பதற்கும் பெட்டியை வாங்கினால் பொருள் வைப்பதற்கும் வாங்குவோம்; தேயட்டும், தேய்ந்தபின் இன்னொன்று வாங்குவோம், செய்தவருக்கு இன்னொரு நாள் வேலை கிடைக்கும். பங்குத் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் பிளாஸ்டிக் பரிசுகளைக் குவிப்பதற்குப் பதிலாக, நம் மாவட்டத்தில் கையால் செய்யப்படும் பொருள் எது என்று கேட்டு அதைக் கொடுப்போம். வீட்டில் பாட்டியின் ஆட்டுக்கல் இருந்தால், பூப்போடுவதற்கு முன் அதில் ஆட்டியவரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். இன்னும் உயிரோடிருந்தால் அவரையே சொல்லச் சொல்வோம்.

குருத்தோலை ஞாயிறன்று நாம் ஓலைகளை ஏந்திப் பவனி செல்கிறோம். சிலுவையாக மடித்து ஆண்டு முழுவதும் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறோம். அந்தக் குருத்தை யாரோ ஒருவர் மரமேறி வெட்டித் தந்திருக்கிறார். அவர் நம் பங்கைச் சேர்ந்தவராகவே இருக்கலாம். பவனியின் கடைசி வரிசையில் நின்றிருக்கலாம். அவருடைய பெயர் நமக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், வருகின்ற குருத்தோலை ஞாயிறன்று அதைக் கேட்டறிவோம். நம் எளிய வாழ்வு அங்கிருந்து தொடங்கட்டும்.