சிரிக்கலாம், யாரோடு சேர்ந்து?

'மைண்ட் யுவர் லேங்குவேஜ்' தொடருக்கு நான் தீவிர ரசிகன். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. லண்டனில் ஒரு மாலை வகுப்பு. பல நாட்டுக்காரர்கள் பிரவுன் வாத்தியாரிடம் இங்கிலீஷ் படிக்கிறார்கள். பிரிட்டன் ஐடிவியில் 1977 கடைசியில் ஆரம்பித்து, 1979-இல் நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்களைக் கேலிப்பொருளாக்குகிறது என்று புகார். அதில் நியாயம் இருக்கிறது. எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கும் சர்தார் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் பிறந்தது இலங்கையில்! அவர்களுக்கு நாமெல்லாம் ஒண்ணுதான் போல :-)

அப்புறம் ஏன் ரசிகன் என்கிறீர்களா? மும்பைத் தமிழனுக்கு அந்த வகுப்பு அந்நியமில்லை. 1993-இல் தூர்தர்ஷனில் பங்கஜ் கபூர் இந்தி வாத்தியாராக வந்த 'ஜபான் சம்பால்கே' இதன் இந்தி வடிவம்தான். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் பெரியவர்களுக்கு வாத்தியாரே கிடையாது. காய்கறிக்காரரும் லோக்கல் ரயிலும்தான் இந்தியும் மராத்தியும் சொல்லிக்கொடுத்தன. ஆண்பால், பெண்பால் மட்டும் இன்னமும் தகராறு. பாட்டி 'பஸ் ஆயா' என்றால், இங்கேயே பிறந்த பேரன் 'ஆயீ' என்று திருத்திவிட்டுச் சிரிக்கிறான்.

அந்த வகுப்பில் ஒருவர் உளறினால் மற்றவர் சிரிப்பார். அடுத்த நிமிஷம் சிரித்தவரே உளறுவார். வெளியே நின்று சிரிப்பது வேறு ரகம்.

சிரிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: பாட்டிக்குப் பிழையில்லாமல் தமிழில் நாலு வரி எழுத வருமா? பதில் எதுவானாலும் பரவாயில்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்து இந்தத் தொடரைப் போடுங்கள்.